தொண்ணூறு விநாடிகள்: ஸ்டேஷன் விடுதியில் தீ பரவிய விதம்

“2003இல் அமெரிக்காவின் ஸ்டேஷன் இரவு விடுதியில் நடந்த தீவிபத்தின் வீடியோவைப் பார்த்தேன். இரண்டு நிமிடத்துக்குள் ஒரு கட்டடம் எப்படி அப்படி எரியும்? மக்கள் பதறி முண்டியடிக்காமல் வரிசையாக வெளியேறியிருந்தால் எல்லோரும் பிழைத்திருப்பார்கள் அல்லவா?” என்பது கேள்வி.

முதல் பாதிக்கு நீண்ட விளக்கம் தேவை. இரண்டாம் பாதிக்கு ஒரே சொல்லில் பதில் உண்டு: இல்லை. தீப் பாதுகாப்பு வகுப்புகளில் பல ஆண்டுகளாக இந்த விபத்தைப் பாடமாக நடத்தி வருகிறேன். ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவர் எழுந்து இதையே கேட்கிறார். இறந்தவர்கள் தலையிலேயே பழியைச் சுமத்துகிற கேள்வி இது என்பது கேட்பவருக்குத் தோன்றுவதில்லை. நல்ல மனதோடுதான் கேட்கிறார்கள். ஆகவே விநாடி விநாடியாகவே சொல்லிப் பார்க்கிறேன்.

ரோட் ஐலண்ட் மாநிலத்தில் வெஸ்ட் வார்விக் என்ற சிறு நகரம். அங்கே ஒரே தளம் கொண்ட பழைய மரச்சட்டக் கட்டடத்தில் ஸ்டேஷன் விடுதி இயங்கியது. 2003 பிப்ரவரி 20, வியாழக்கிழமை இரவு. கிரேட் வைட் என்ற ராக் குழுவின் நிகழ்ச்சி. அன்று உள்ளே 462 பேர் இருந்ததாகப் பின்னர் கணக்கிடப்பட்டது. அவர்களில் 100 பேர் இறந்தார்கள். 230 பேர் காயமடைந்தார்கள். உடலில் காயமின்றி வெளியே வந்தவர்கள் 132 பேர் மட்டுமே.

இரவு 11 மணி தாண்டிச் சில நிமிடங்களில் குழு மேடை ஏறியது. முதல் பாட்டு தொடங்கும்போதே, மேடையின் பின்பக்கம் வைத்திருந்த குழல்கள் புஸ்வாணம் போலப் பொறி கக்கின. 15 அடி உயரத்துக்கு 15 விநாடி பொறி சிந்தும்படி செய்யப்பட்டவை அவை. அந்தத் தாழ்ந்த கூரையின் கீழ் அவற்றைக் கொளுத்த அனுமதி எதுவும் வாங்கப்படவில்லை. மேடையின் பின்புறத்தில் மேளக்காரர் உட்காருவதற்காக மாடம் போல ஒரு சிறு குழிவு இருந்தது. அதன் சுவர்களிலும் மேடையை ஒட்டிய சுவர்களிலும் சாம்பல் நிற ஃபோம் தகடுகள் ஒட்டப்பட்டிருந்தன. குழிவின் இரு புற விளிம்புகளிலும் பொறி பட்டு ஃபோம் பற்றிக்கொண்டது.

அந்த ஃபோம் அங்கே வந்த கதையையும் சொல்லியாக வேண்டும். விடுதியின் இரைச்சல் தாங்கவில்லை என்று அக்கம்பக்கத்தார் முறையிட்டு வந்தார்கள். ஒலியை அடக்கவே உரிமையாளர்கள் ஃபோம் வாங்கி ஒட்டினார்கள். ஒலி அரங்குகளுக்கென்று தீத்தடுப்பு மருந்து சேர்த்துத் தயாராகும் ஃபோம் தனியாக உண்டு. இவர்கள் வாங்கியது அதுவல்ல. பொருள்களைப் பெட்டியில் அடைக்கும்போது அடிபடாமலிருக்க வைக்கிற சாதாரண பாலியூரிதேன் ஃபோம். தொட்டால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். பார்வைக்கும் வித்தியாசம் தெரியாது.

நெருப்புக்குத் தெரியும். வகுப்பில் இதற்கு ஒரு செய்முறை காட்டுவது என் வழக்கம். உள்ளங்கை அளவு ஃபோம் துண்டு ஒன்றை இடுக்கியில் செங்குத்தாகப் பிடித்துக்கொள்வேன். பக்கத்தில் அதே அளவு மரத்துண்டு. முதலில் மரத்தின் கீழ் விளிம்பில் தீக்குச்சியைக் காட்டுவேன். குச்சி விரலைச் சுடும்வரை வைத்திருந்தாலும் ஒரு கரும்புள்ளி விழுமே தவிர வேறொன்றும் ஆகாது. அடுத்த குச்சி ஃபோமுக்கு. சுடர் கிட்டே போகும்போதே விளிம்பு உள்வாங்கிச் சுருங்கும். உடனே ஒரு மஞ்சள் சுடர் பஞ்சின் முகத்தில் ஒட்டிக்கொண்டு மேலே தவழும். அடிப்பக்கம் உருகிப் பாகாகி, எரிந்துகொண்டே சொட்டும். மேலே எழுகிற புகை மெல்லியதாக இருக்காது. கரித்தூளை அள்ளி விசிறியதுபோலக் கறுப்பாகச் சுருண்டு எழும். பின்வரிசையில் இருப்பவர் எழுந்து நின்று பார்ப்பதற்குள் துண்டு முடிந்திருக்கும். அதற்குப் பிறகு வகுப்பில் கொஞ்ச நேரம் யாரும் பேசமாட்டார்கள்.

ஏன் இப்படி? ஃபோமில் பெரும்பகுதி காற்று. ஒரு மரப்பலகையைச் சுட்டால் வெப்பம் உள்ளே உள்ளே போய்ப் பரவுகிறது. மேற்பரப்பு பற்றும் அளவுக்குச் சூடேற நேரமாகும். ஃபோமில் வெப்பத்துக்கு உள்ளே போக வழியில்லை. நல்ல வெப்பக் காப்புப் பொருள் என்பதாலேயே, வந்த வெப்பமெல்லாம் மேல் தோலிலேயே தங்கிவிடுகிறது. அந்த மெல்லிய தோல் கண் இமைக்கும் நேரத்தில் சிதைந்து எரிவாயுவாகிப் பற்றிக்கொள்கிறது. அதன் சூடு அடுத்த விரற்கடையைப் பற்றவைக்கிறது. முட்டை அடுக்கும் அட்டைபோல மேடு பள்ளமாக வெட்டிய ஃபோம் என்றால் இன்னும் மோசம். எரிவதற்குக் கிடைக்கிற பரப்பு கூடிவிடுகிறது.

செங்குத்துச் சுவரில் தீ ஏறுவதே வேகமானது. ஏனென்றால் சுடர், தான் அடுத்துத் தின்னப்போகும் இடத்தை முன்கூட்டியே தடவிச் சூடேற்றிக்கொண்டே மேலே போகிறது. இங்கே அந்தச் சுவர் ஒரு குழிவின் விளிம்பில் இருந்தது. மூன்று பக்கமும் அடைபட்ட குழிவில் ஒரு சுவரின் சூடு எதிர்ச் சுவரைத் தாக்கும்; காற்று கீழிருந்து இழுபட்டு மேலே பாயும். மேடையின் பின்னால் யாரும் திட்டமிடாமலேயே ஒரு புகைபோக்கி உருவாகிவிட்டது. பொறி சிந்தத் தொடங்கிப் பத்து விநாடிக்குள் ஃபோமில் சுடர் தெரிகிறது. அரை நிமிடத்துக்குள் அது கூரையை எட்டிவிட்டது.

கூரையைத் தொட்ட பிறகு கதை மாறிவிடும். அதுவரை மேலே ஏறிய சூட்டுக்கு இனி மேலே வழியில்லை, பக்கவாட்டில் விரிகிறது. கூரையை ஒட்டிக் கொதிக்கும் புகை ஒரு போர்வைபோலப் படர்ந்து, நிமிடத்துக்கு நிமிடம் அல்ல, விநாடிக்கு விநாடி கனத்துக் கீழிறங்குகிறது. அந்தப் போர்வையே ஓர் அடுப்பு. அதன் வெப்பம் கீழ்நோக்கிக் கதிராக வீசி, மேசை, நாற்காலி, தரைவிரிப்பு, மனிதர்களின் தலைமுடி என எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் சுடுகிறது. அறையின் மேற்பகுதி 600 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது, சுடர் படாத பொருள்கள்கூடத் தாமாகப் பற்றிக்கொள்ளும். ஓர் அறையில் தீ என்ற நிலை போய், அறையே தீ என்ற நிலை வருகிறது. தீயணைப்புத் துறையில் இதை ஃபிளாஷ்ஓவர் என்பார்கள். முழுக் கவச உடை அணிந்த தீயணைப்பு வீரருக்கே அதற்குப் பிறகு அந்த அறையில் வேலையில்லை.

ஆனால் பெரும்பாலான உயிர்களுக்கு ஆபத்து அதற்கு முன்பே வந்துவிடுகிறது, புகையின் வழியாக. பாலியூரிதேனில் நைட்ரஜன் இருக்கிறது. அதனால் அது காற்று போதாமல் எரியும்போது கார்பன் மோனாக்சைடோடு ஹைட்ரஜன் சயனைடும் வெளியேறுகிறது. மோனாக்சைடு இரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்ளும். சயனைடோ, இரத்தம் கொண்டுவந்து சேர்க்கிற கொஞ்ச ஆக்சிஜனைக்கூட உடலின் செல்கள் பயன்படுத்த விடாது. இரண்டும் சேர்ந்தால் சில மூச்சிலேயே தலை சுற்றும், கால் தளரும், நினைவு தப்பும். கண் எரிச்சலில் திறக்காது. அவசர வழிப் பலகைகள் கதவுக்கு மேலேதான் ஒளிர்கின்றன. புகை முதலில் மறைப்பதும் அவற்றைத்தான்.

இனி மனிதர்களிடம் வருவோம். இந்த விபத்து விநாடிக் கணக்கில் நமக்குத் தெரிவதற்கு ஒரே காரணம் அந்த வீடியோ. மூன்று நாளுக்கு முன்புதான் சிகாகோவில் இ2 என்ற விடுதியின் படிக்கட்டில் நெரிசல் ஏற்பட்டு 21 பேர் இறந்திருந்தார்கள். அதை ஒட்டி இரவு விடுதிகளின் பாதுகாப்பு பற்றிச் செய்தி தயாரிப்பதற்காக உள்ளூர்த் தொலைக்காட்சி ஒன்றின் ஒளிப்பதிவாளர் ஸ்டேஷனுக்கு வந்து கூட்டத்தைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். தீ தொடங்கிய கணத்திலிருந்து கேமரா ஓடிக்கொண்டே இருந்தது. அமெரிக்கத் தேசியத் தரநிலை, தொழில்நுட்ப நிறுவனம், சுருக்கமாக நிஸ்ட், இந்தப் பதிவை வைத்துத்தான் கால அட்டவணையைக் கட்டியது.

அந்தப் பதிவின் முதல் அரை நிமிடத்தைக் கவனித்துப் பாருங்கள். யாரும் அலறவில்லை. சிலர் கையை உயர்த்தி ஆரவாரிக்கிறார்கள்; சுவரில் ஏறும் தீ நிகழ்ச்சியின் ஒரு பகுதி என்றே நினைக்கிறார்கள். மேடையில் இருப்பவர்கள் பாடிக்கொண்டிருக்கும்வரை கூட்டம் அவர்களை நம்பியே நிற்கும். அது மனித இயல்பு. ஏறத்தாழ 30ஆம் விநாடியில் குழு வாசிப்பை நிறுத்துகிறது. கூட்டம் திரும்புகிறது. 41ஆம் விநாடியில் அபாயமணி ஒலித்து விளக்குகள் மின்னுகின்றன. அதற்குள் பெரும்பாலோர் நடக்கத் தொடங்கிவிட்டார்கள். ஆம், நடக்க. ஓட்டம்கூட இல்லை. முன்னால் இருப்பவரின் முதுகைப் பார்த்துக்கொண்டு, நண்பனை, மனைவியைத் திரும்பித் தேடிக்கொண்டு, ஒரு பெரிய கூட்டம் தான் வந்த வழியே திரும்பிப் போகிறது. சிலர் கையில் இன்னும் குவளை இருக்கிறது. கேள்வி கேட்டவர் வேண்டும் என்று சொல்கிற ஒழுங்கு அங்கே இருந்தது. பிறகு ஏன் இறந்தார்கள்?

கணக்குப் போட்டுப் பாருங்கள். வெளியேற நான்கு கதவுகள் இருந்தன: முன்வாசல், மது பரிமாறும் பகுதியின் பக்கவாட்டுக் கதவு, சமையலறைக் கதவு, மேடையை ஒட்டிய கதவு. ஆனால் வந்தவர்களில் பெரும்பாலோருக்குத் தெரிந்த கதவு ஒன்றுதான், டிக்கெட்டைக் காட்டி உள்ளே நுழைந்த முன்வாசல். மூன்றில் இரண்டு பங்கினர் அதை நோக்கியே போனதாக நிஸ்ட் கண்டறிந்தது. ஏறத்தாழ 300 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளிப்புறத்தில் இரட்டைக் கதவு இருந்தாலும், அதை அடைய ஒரு குறுகிய நடைவழியும், டிக்கெட் மேசையும், உள்ளே ஒற்றைக் கதவும் இருந்தன. ஓர் ஒற்றைக் கதவில், யாரும் தள்ளாமல், எல்லோரும் மிக ஒழுங்காகப் போனால், விநாடிக்கு ஒருவர் போகலாம். இது உலகெங்கும் கட்டடப் பொறியாளர்கள் வைத்துக்கொள்ளும் தோராயக் கணக்கு. 300 பேருக்கு 300 விநாடி, அதாவது ஐந்து நிமிடம்.

அவர்களுக்குக் கிடைத்ததோ 90 விநாடி. தீப்பிடித்து ஏறத்தாழ 90 விநாடிக்குள் அந்தக் கூடத்தின் பெரும்பகுதி மனிதர் உயிரோடு இருக்க முடியாத நிலையை எட்டியிருக்கும் என்பது நிஸ்ட் தன் சோதனைகளில் கண்ட முடிவு. அதில் முதல் 30 விநாடி என்ன நடக்கிறது என்று புரிவதற்கே போய்விட்டது. மீதி 60. ஒரு கதவு, 60 விநாடி, 300 பேர். வரிசையில் எவ்வளவு பொறுமையாக நின்றாலும் இந்தக் கணக்கு மாறாது.

ஒளிப்பதிவாளர் 71ஆம் விநாடி அளவில் வெளியே வந்துவிடுகிறார். கட்டடத்தைச் சுற்றிப் பக்கவாட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு, 102ஆம் விநாடியில் மறுபடி முன்வாசலுக்கு வருகிறார். இந்த அரை நிமிட இடைவெளியில் வாசல் அடைபட்டுவிட்டது. பின்னாலிருந்து வெப்பமும் புகையும் தாங்காமல் வந்தவர்களின் அழுத்தத்தில் முன்னால் போனவர்கள் விழுந்தார்கள். விழுந்தவர்கள் மேல் அடுத்தவர்கள். வாசல் நிலையை நிறைத்து மனிதர்கள் ஒருவர் மேல் ஒருவராக அடுக்கப்பட்டதுபோல் கிடக்கிறார்கள். தலையும் கையும் வெளியே தெரிகின்றன. அவர்களுக்கு மேலே கறுப்புப் புகை பொங்கி வெளியே வழிகிறது. வெளியே வந்துவிட்டவர்கள் ஓடிப்போகவில்லை. திரும்பி வந்து கையைப் பிடித்து இழுக்கிறார்கள். இழுத்தும் வரவில்லை. வகுப்பில் இந்த இடம் வரும்போது நான் ஒலியை நிறுத்திவிடுவேன்.

கதவருகே நெரிசல் ஏற்பட்டது உண்மை. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் எது முன், எது பின் என்பதைப் பாருங்கள். முதுகில் தீக்கதிர் சுடும்போது முன்னே சாயாத உடல் கிடையாது. நேரம் தீர்ந்தது, அதன் பிறகே நெரிசல் வந்தது. குவியலின் அடியில் சிக்கி, வெளிக்காற்று கொஞ்சம் கிடைத்ததாலும் மேலே கிடந்தவர்களின் உடல்கள் வெப்பத்தைத் தடுத்ததாலும் உயிர் பிழைத்தவர்களும் உண்டு.

மற்ற வழிகள் என்ன ஆயின? மேடையை ஒட்டிய கதவு தீக்கு மிக அருகில் இருந்தது. சில விநாடிகளுக்குப் பிறகு யாரும் நெருங்க முடியாது. அந்தச் சில விநாடிகளிலும், அது இசைக்குழுவுக்கான கதவு என்று சொல்லித் தங்களைத் திருப்பி அனுப்பினார்கள் என்று தப்பியவர்கள் சிலர் சாட்சியம் அளித்திருக்கிறார்கள். சமையலறைக் கதவு இருப்பதே விருந்தினர்களுக்குத் தெரியாது. மது பரிமாறும் பகுதியின் கதவு வழியாகப் பலர் போனார்கள். அதைவிட, சன்னல் கண்ணாடியை உடைத்துக்கொண்டு குதித்துப் பிழைத்தவர்கள் ஏராளம். முதல் தீயணைப்பு வண்டி சுமார் ஐந்து நிமிடத்தில் வந்துசேர்ந்தது. ஒரு சிறு நகரத்துக்கு அது மிக விரைவான வருகை. அதற்குள் முன்வாசல் வழியாகச் சுடர் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கிரேட் வைட் குழுவின் கிட்டார் கலைஞர் டை லாங்லியும் இறந்தவர்களில் ஒருவர்.

பதற்றம்தான் கொல்கிறது என்று இன்னும் நினைப்பவர்களுக்கு இன்னொரு தீயைக் காட்டுகிறேன். 1977 மே 28, கென்டக்கி மாநிலம் சவுத்கேட், பெவர்லி ஹில்ஸ் சப்பர் கிளப். பல கூடங்கள் கொண்ட பெரிய விடுதி. ஒரு சிறிய கூடத்தில் தீப்பிடித்தது. வேறொரு பெரிய கூடத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் நகைச்சுவை நிகழ்ச்சி பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேசை துடைக்கும் பதினெட்டு வயது இளைஞர் ஒருவர் மேடையேறி, மைக்கை வாங்கி, தீப்பிடித்திருக்கிறது, வெளியேறுங்கள் என்று சொல்லி வழிகளைக் கை நீட்டிக் காட்டினார். சிலர் அதையும் நகைச்சுவையின் பகுதி என்று நினைத்தார்கள். பலர் எழுந்து நடந்தார்கள். நூற்றுக்கணக்கானோர் அதனால் பிழைத்தார்கள். அங்கும் 165 பேர் இறந்தார்கள், வழி போதாமலும் நேரம் போதாமலும். அந்த விபத்தில் தப்பியவர்களின் வாக்குமூலங்களைச் சமூகவியலாளர்கள் பின்னர் ஆராய்ந்தபோது, மிருகத்தனமான மிதிபாடு என்று செய்திகள் வருணித்ததற்கு மாறாக, பெரும்பாலோர் கடைசிவரை ஒருவருக்கொருவர் உதவிக்கொண்டே நகர்ந்தது தெரியவந்தது. எனக்கு அந்த இளைஞர்தான் முக்கியம். நேரத்தைக் கூட்ட அவரால் முடியவில்லை. ஆனால் “என்ன நடக்கிறது” என்று புரியாமல் வீணாகும் அந்த முதல் விநாடிகளைத் தன் ஒரு வாக்கியத்தால் மீட்டுக்கொடுத்தார். ஸ்டேஷனில் அப்படிச் சொல்ல வேண்டியது தன் வேலை என்று பயிற்சி பெற்றவர் ஒருவர்கூட இல்லை.

மற்ற பெரிய விபத்துகளைப் பக்கத்தில் வைத்தால் ஒரே கதையை வேறு வேறு மொழியில் கேட்பதுபோல இருக்கும். 1942 நவம்பர் 28, பாஸ்டன், கோகோனட் குரோவ்: 492 பேர். செயற்கைத் தென்னை மரங்களும் துணி அலங்காரங்களும் பற்றின. முன்வாசலில் சுழல் கதவு, இரு பக்கமும் தள்ள அது சுழலாமல் இறுகிவிட்டது. வேறு கதவுகள் பூட்டிக் கிடந்தன, அல்லது உள்பக்கமாகத் திறப்பவையாக இருந்தன. 2004 டிசம்பர் 30, புவனோஸ் ஐரிஸ், ரெபுப்ளிகா குரோமன்யோன்: 194 பேர். கூட்டத்தில் யாரோ கொளுத்திய வாணம் கூரையைப் பற்றவைத்தது. அவசரக் கதவு பூட்டியிருந்தது. 2013 ஜனவரி 27, பிரேசிலின் சாந்தா மரியா, கிஸ் விடுதி: 242 பேர், பெரும்பாலும் மாணவர்கள். மேடை வாணம், கூரையில் பாலியூரிதேன் ஃபோம், ஒரே வாசல். காசு கொடுக்காமல் ஓடுகிறார்கள் என்று எண்ணிக் காவலர்கள் முதலில் வாசலை மறித்தார்கள். புகையில் கழிவறைக் கதவை வெளிக்கதவு என்று நம்பி உள்ளே போனவர்கள் அங்கேயே மடிந்துகிடந்தார்கள். 2015 அக்டோபர் 30, புகாரெஸ்ட், கொலெக்டிவ்: 64 பேர். மறுபடியும் மேடைப் பொறி, மறுபடியும் ஃபோம். மக்கள் தெருவில் இறங்கினார்கள், சில நாளில் ருமேனியப் பிரதமர் பதவி விலகினார்.

கிஸ் விடுதி எரிந்தபோது ஸ்டேஷன் விபத்தின் அறிக்கை வெளிவந்து ஏழு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. எதையெல்லாம் செய்யக் கூடாது என்று அதில் அச்சிட்டே வைத்திருந்தார்கள். அதை நினைக்கும்போது எனக்குத் துக்கத்தைவிடக் கோபமே அதிகம் வருகிறது.

ஸ்டேஷனில் யார் பொறுப்பு என்று கேட்டால், நீதிமன்றம் சொன்ன பதில் மூன்று பேர். குழல்களைக் கொளுத்திய குழுவின் பயண மேலாளர் டேனியல் பீக்லி 100 மரணங்களுக்கும் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 15 ஆண்டுத் தண்டனையில் 4 ஆண்டு சிறையில் கழிக்க வேண்டும் என்று 2006இல் தீர்ப்பானது. இறந்தவர்களின் குடும்பங்களுக்கு அவர் தன் கைப்பட மன்னிப்புக் கடிதம் எழுதினார். அவரை முன்கூட்டியே விடுவிக்கலாம் என்று சில குடும்பங்களே பரிந்துரைத்தன. 2008இல் வெளியே வந்தார். உரிமையாளர்களான சகோதரர்களில் மைக்கேல் டெர்டேரியனுக்கு அதே அளவு தண்டனை. ஜெஃப்ரி டெர்டேரியன் சிறை செல்லவில்லை, அவருக்குச் சமூகப் பணி விதிக்கப்பட்டது. பாதிக்கப்பட்டவர்களுக்குப் பல தரப்பினரும் சேர்ந்து கொடுத்த இழப்பீடு சுமார் 17.6 கோடி டாலர்.

ஆனால் தீ பரவிய வழியை முழுதாகப் பார்த்தால் இந்த மூவரோடு நின்றுவிடாது. நகரத்தின் தீ ஆய்வாளர் அந்த விடுதிக்குள் பல முறை போயிருக்கிறார். மேடையை ஒட்டிய கதவு உள்பக்கமாகத் திறக்கிறது என்று சரியாகவே குறை கண்டு எழுதியிருக்கிறார். அதே மேடையைச் சுற்றிச் சுவர் முழுக்க ஒட்டியிருந்த ஃபோம் மட்டும் அவருடைய அறிக்கையில் இல்லை. உள்ளே எத்தனை பேர் இருக்கலாம் என்ற அனுமதியும் காலப்போக்கில் கூடிக்கொண்டே போனது. நின்றுகொண்டு பார்ப்பவர்களின் கணக்கில் அது 404 வரை வந்திருந்தது. கூரையில் தண்ணீர்த் தெளிப்பான் இல்லை. பழைய கட்டடங்களுக்கு விதிவிலக்கு தந்து புதியவற்றுக்கு மட்டும் விதி போடும் வழக்கம் அப்போது பல மாநிலங்களில் இருந்தது. ரோட் ஐலண்ட் விபத்து நடந்த அதே ஆண்டில் சட்டத்தைத் திருத்திக்கொண்டது. புதிய இரவு விடுதிகள் அனைத்திலும், 100 பேருக்கு மேல் கொள்ளும் பழைய விடுதிகளிலும் தெளிப்பான் கட்டாயம் வேண்டும் என்பது நிஸ்ட் அறிக்கையின் முதன்மையான பரிந்துரை. கூட்டத்தை வழிநடத்தப் பயிற்சி பெற்ற ஆள் இருக்க வேண்டும் என்பதும் அமெரிக்கத் தீப் பாதுகாப்பு விதிகளில் இறுகியது.

தெளிப்பானைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. புகை வந்தவுடன் எல்லாத் தெளிப்பான்களும் ஒரே நேரத்தில் மழை பொழியும் என்று நினைக்கிறார்கள். உண்மையில் ஒவ்வொரு தெளிப்பான் தலையிலும் சுண்டுவிரலில் பாதிகூட இல்லாத ஒரு கண்ணாடிக் குமிழோ, உருகும் உலோகத் துணுக்கோ இருக்கும். அதைச் சுற்றியுள்ள காற்று குறிப்பிட்ட சூட்டை எட்டினால் அது உடையும். அதன் கீழே மட்டும் தண்ணீர் கொட்டும். சயனைடையோ புகையையோ அது அறியாது. கூரைக்கு வந்த சூட்டை மட்டுமே அறியும். ஃபோம் தீ போன்ற வேகமான தீ, தன் வேகத்தாலேயே அந்தக் குமிழைச் சீக்கிரம் உடைத்துவிடுகிறது.

இதை நிஸ்ட் ஊகமாக விட்டுவிடவில்லை. மேடையும், மேளக்காரரின் குழிவும், அதை ஒட்டிய கூடத்தின் ஒரு பகுதியும் உண்மையான அளவிலேயே ஆய்வகத்தில் கட்டப்பட்டன. அதேபோன்ற தீத்தடுப்பு மருந்து சேராத பாலியூரிதேன் ஃபோமைச் சுவரில் ஒட்டி, குழிவின் இரு விளிம்பிலும் பற்றவைத்தார்கள். முதல் முறை தெளிப்பான் இல்லாமல். வீடியோவில் கண்டது அப்படியே நடந்தது: சுடர் ஏறியது, கூரை கறுத்தது, புகை இறங்கியது, ஒன்றரை நிமிடத்துக்குள் தலை உயரத்தில் வெப்பமும் நச்சு வாயுவும் உயிரின் எல்லையைத் தாண்டின.

இரண்டாம் முறை அதே ஃபோம், அதே அளவு, கூரையில் தெளிப்பான்கள். அரை நிமிடம் ஆவதற்குள் முதல் குமிழ் உடைந்தது. உண்மையான விடுதியில் கூட்டம் இன்னும் கை உயர்த்தி ஆரவாரித்துக்கொண்டிருந்த நேரம் அது. தண்ணீர் விழுந்த பிறகு தீ கட்டுக்குள் அடங்கியது. ஐந்து நிமிடத்துக்கும் மேல் சோதனை நீடித்தது. கடைசிவரை அந்த அறையில் நிமிர்ந்து நிற்கும் மனிதர் மூச்சு விட்டுக்கொண்டு நடந்து வெளியேற முடிகிற நிலையே இருந்தது.

முன்வாசலுக்குப் போன ஏறத்தாழ 300 பேரும், விநாடிக்கு ஒருவராக, நீங்கள் சொன்னபடி வரிசையாக வெளியே வருவதற்குத் தேவைப்பட்ட நேரம் அதுதான்.